தொப்பி போட்ட சஷ்டி

வங்காளத்துப் பிஷ்ணுபூரில் ராய் தெருக் கோயிலைப் பழுதுபார்க்கும் குழுவுக்குச் சுபர்ணா செயலாளர். தெற்குச் சுவரில் ஒரே ஒரு சுடுமண் சிற்பப் பலகையைக் காணவில்லை. பக்கத்துப் பலகையில் படகின் பின்பாதி. முன்பாதி இருக்கவேண்டிய இடத்தில் வெறும் பொந்து. கிருஷ்ணரைச் செய்து பதித்துவிடலாம் என்றார் பூசாரி. என்ன இருந்ததென்று தெரியாமல் எதையும் வைக்கக்கூடாது என்று சுபர்ணா ஒற்றைக்காலில் நின்றாள். சுவரில் எண்ணெய், செந்தூரம் பூசக்கூடாது என்று அறிவிப்புப் பலகை மாட்டியதும் அவள்தான்.

அந்த வாரம் அவளுடைய மூத்த ஓரகத்தி பிரதிமாவுக்குக் கண் அறுவை நடந்தது. குனியக்கூடாது என்பதால் விளக்கேற்றச் சுபர்ணாவை அழைத்தாள். அவள் வீட்டு மாடத்தில் பிள்ளைகளைக் காக்கும் சஷ்டி தேவி. காய்ந்த பூக்களை எடுத்தபோது செந்தூரத்துக்கு அடியில் சுடுமண் படகின் மூக்கு தெரிந்தது.

"அக்கா, இது எங்கேர்ந்து வந்துச்சு?"

"நம்ம மாமனாரோட அப்பா கொண்டுவந்தது. கோயில் சுவர்லேர்ந்து விழுந்து கிடந்துச்சாம்."

"இது சஷ்டி இல்லக்கா. தொப்பி போட்ட துரை. கையில துப்பாக்கி இருக்கு."

பிரதிமா சிரித்தாள். "வருஷக்கணக்கா துடைக்கிறவ நான். எனக்குத் தெரியாதா? மீசைகூட இருக்கு பாரு."

"தெரிஞ்சுமா கும்பிட்டீங்க?"

"மூணு பிள்ளை வயித்திலேயே போச்சு. யார்கிட்ட போய் அழறது? இவர் முன்னாடிதான் உட்கார்ந்தேன். அப்புறம்தான் என் பிள்ளை பாபுன் தங்கினான்."

சுபர்ணா காய்ந்த பூக்களைத் தட்டில் போட்டுவிட்டுக் கேட்டாள். "கோயிலுக்குத் திருப்பிக் குடுத்துடலாமாக்கா?"

"எடுத்துட்டுப் போ. ஆனா சஷ்டியன்னிக்கு வந்து செந்தூரம் வைப்பேன். உன் அறிவிப்புப் பலகையை என்கிட்ட காட்டாதே."

குழுவில் இரண்டு கூட்டம் வாக்குவாதம் நடந்தது. பிரதிமா சுவரைத் தொடாமல் கீழே உள்ள கல்படியில் செந்தூரம் வைக்கட்டும் என்று முடிவாயிற்று. பலகையைச் சுத்தம் செய்து பதித்தார்கள். படகு முழுசாயிற்று.

வைகாசி சஷ்டியன்று பிரதிமா விசிறியும் பழத்தட்டுமாக வந்தாள். அண்ணாந்து பார்த்தாள்.

"மூஞ்சியை நல்லா கழுவி விட்டுட்டீங்க. யாரோ அசலார் மாதிரி இருக்காரு."

பிரதிமா படியில் செந்தூரம் வைத்துக் கும்பிட்டாள். எழ முடியாமல் கையை நீட்டினாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சுபர்ணா அவளைத் தூக்கிவிட்டு, கையை விடாமல் வீடு வரை நடத்திக் கூட்டிப்போனாள்.