லுத்ஃபிக்கு மருதாணி

இறந்தவரைக் குளிப்பாட்ட வந்த ஷேக், வாளியைக் கீழே வைத்துவிட்டு, பெரியவர் ஹாஜிக்கு எத்தனை பேரப்பிள்ளைகள் என்று விசாரித்தார். துண்டுகளோடு வாசலில் நின்ற ஸகியாவுக்கு அழுகையின் நடுவே சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே கிடப்பவன் அவள் தம்பி லுத்ஃபி. வயது இருபத்தெட்டு.

பத்தொன்பதில் ஒரு காய்ச்சல், உடம்பெல்லாம் தடிப்பு. தோலை இழுத்துப் பிடிக்கும் நார்கள் கரைந்துவிட்டன, அபூர்வ நோய் என்றார் டாக்டர். இரண்டே வருஷத்தில் கன்னம் தொங்கி, இமை சரிந்து, எண்பது வயது முகம். அவனா கவலைப்பட்டான்? ரொட்டிக்கடை வரிசையில் கூச்சமில்லாமல் முன்னால் போய் நிற்பான். அன்னாபா நகரத்து பஸ்ஸில் யாராவது எழுந்து இடம் கொடுத்தால், "என் மகளுக்கும் ஒரு இடம் குடுங்கப்பா" என்று அக்காவைக் காட்டுவான். ஸகியாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். நோய் நுரையீரலுக்குள் இறங்கிய பிறகுதான் அந்த வாய் ஓய்ந்தது.

கல்யாண ஆசை மட்டும் நிறைவேறவில்லை. பெண் பார்க்கப் போன மூன்று வீட்டிலும் அவனுக்குக் காப்பி கொடுத்துவிட்டு, மாப்பிள்ளை எப்போது வருவார் என்று கேட்டார்கள். மணமாகாமல் இறந்த இளைஞனை மாப்பிள்ளையாகத்தான் அனுப்புவது அந்தப் பக்கத்து வழக்கம். உள்ளங்கையில் மருதாணி, வாசலில் குலவை. அதையாவது தம்பிக்குச் செய்துவிட வேண்டும் என்று ஸகியா விடியும்போதே மருதாணி குழைத்திருந்தாள்.

ஷேக் ஒப்பவில்லை. கிழவருக்கு மருதாணி வைத்தால் ஊர் சிரிக்கும் என்றார். அவள் அடையாள அட்டையை நீட்டினாள். ஆபீசில் வருஷத்தைத் தப்பாக அடித்திருக்கிறார்கள் என்று திருப்பிக் கொடுத்தார். சத்தம் கேட்டு அம்மா வந்தாள். ஷேக் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

"பொறுமையா இருங்கம்மா. புருஷன் போனா நாலு மாசம் பத்து நாள் இத்தா இருக்கணும்."

அம்மா லுத்ஃபியின் தலைமாட்டில் போய் நின்றாள்.

"நான் எதுக்கு இத்தா இருக்கணும் ஷேக்? இவன் என்கிட்ட பால் குடிச்ச பிள்ளை. இன்னும் கல்யாணம் ஆகல."

ஷேக்குக்குக் காது சிவந்துவிட்டது. சுருக்கமில்லாத தாய் முகத்தையும் தொங்கிப்போன மகன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மருதாணிக் கிண்ணத்துக்குக் கை நீட்டினார். கைத்தோல் மடிந்து மடிந்து விழுந்ததால், ஸகியா இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்துக்கொண்டாள். அவர் வட்டமாகத் தடவினார்.

"மன்னிச்சுக்க மாப்ளே," என்றார் மெதுவாக.

இவர்கள் இந்தக் குடியிருப்புக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. வயசான மனுஷன் நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தார் என்று பேசியபடி படிக்கட்டில் பெண்கள் நின்றிருந்தார்கள். அவனைச் சுமந்த கட்டில் வெளியே வந்ததும் அம்மா குலவையிட்டாள். பேச்சு நின்றது. அம்மாவின் குரல் பாதியில் உடைந்தது. ஸகியா வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது.

மேல்மாடியில் ஒரு கதவு திறந்தது. முகம் தெரியாத ஒருத்தி, அம்மா விட்ட இடத்திலிருந்து குலவையைப் பிடித்துக்கொண்டாள்.