ஓடுபாதைக்கு மேலே

புனேயில் பயணிகள் ஏறிக்கொண்டிருந்தார்கள். விமானத்தை வெளியே ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு உள்ளே வந்த ஸ்டெஃபியை யாரோ "பாப்பா" என்று கூப்பிட்டார்கள். இந்தச் சீருடையில் அவளை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. திரும்பினால் குமார் அண்ணன். பாலக்கோட்டுப் பக்கம் அவர்கள் ஊரில், அதே தெருவில் இருக்கும் நஞ்சப்பனின் மூத்த மகன். புனேயில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறான். முகம் வீங்கியிருந்தது. கையில் பை எதுவும் இல்லை.

"அப்பா போயிட்டாரு பாப்பா. விடியக்காத்தால."

அவள் விமானியானதை அவள் அப்பா ஞானராஜைவிட அதிகம் பேரிடம் சொன்னவர் நஞ்சப்பன். ஊருக்கு மேலே எந்த விமானம் போனாலும் அது "நம்ம ஸ்டெஃபி" என்பார்.

"ஐஸ் பெட்டியில வெச்சிருக்காங்க. பொழுது சாயறதுக்குள்ள எடுத்துடணும்னு சொல்றாங்க. நான் போய்த்தான் எல்லாம் செய்யணும்." பின்னால் வரிசை நெருக்கியது. நகர்ந்துகொண்டே சொன்னான்: "நீ இருக்கற. கொண்டுபோய் சேத்துருவ."

விமானி அறைக்குள் போய்த் துணை விமானி இருக்கையில் உட்கார்ந்து பெல்ட் போட்டபோது கேப்டனிடம் சொல்லலாமா என்று நினைத்தாள். சொல்லவில்லை. இறக்கப்போவது அவர்தான். அந்தப் பாரத்தை அவர் தலையிலும் ஏற்றுவானேன்.

பெங்களூரை நெருங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. மே மாதத்துக் கோடைமழை வழக்கமாக மாலையில்தான் வரும். அன்று மதியமே கறுத்துவிட்டது. மேகத்துக்குள் புகுந்த பிறகு கண்ணாடிக்கு வெளியே சாம்பல் நிறம் தவிர ஒன்றுமில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் கருவிகளை மட்டும் நம்பித்தான் இறங்க வேண்டும். தரையிலிருந்து வரும் ரேடியோ அலைகள் திரையில் இரண்டு சிறு குறிகளாகத் தெரியும். அவை நடுவில் நின்றால் விமானம் சரியான வழியில், சரியான சரிவில் வருகிறது என்று பொருள். ஆனால் அந்த நம்பிக்கைக்கும் ஓர் எல்லை உண்டு. குறித்த உயரத்துக்கு வந்ததும் ஓடுபாதையின் விளக்குகள் கண்ணில் பட வேண்டும். படாவிட்டால் மேலே ஏறிவிட வேண்டும்.

பட்டன. எல்லை உயரத்தில் விளக்குகள் மழைக்குள் மங்கலாகத் தெரிந்தன. கேப்டன் இறங்குவதாகச் சொன்னார். கருவிகளைக் கவனித்துச் சொல்வது ஸ்டெஃபியின் வேலை. பக்கக்காற்று ஒன்று அறைந்தது. விளக்குகள் இடப்பக்கமாக நழுவின. கேப்டன் திருத்தினார். அதற்குள் இறங்கும் வேகம் கூடியது. முள் இருக்கக்கூடாத இடத்தில் இருந்தது. சொல்ல வேண்டிய சொல் அவள் நாக்கில் இருந்தது. அந்த நேரத்தில் குமாரின் வீங்கிய முகம் குறுக்கே வந்தது. இன்னும் கொஞ்சம், சரியாகிவிடும், சரியாகிவிட்டால் அவன் நேரத்துக்கு ஊருக்குப் போய்விடுவான்.

"கோ அரவுண்ட்," என்றாள்.

இறங்காதே, மேலே ஏறு என்று பொருள்; இருவரில் யார் சொன்னாலும் மற்றவர் கேள்வி கேட்கக் கூடாத சொல் அது. கேப்டன் விசையை முழுதாக முன்னால் தள்ளினார். விமானம் முனகி, மூக்கைத் தூக்கி, மறுபடி சாம்பலுக்குள் ஏறியது. மழை விடும் என்று கொஞ்ச நேரம் வட்டமடித்தார்கள். எரிபொருள் அதற்குமேல் இடம் தரவில்லை. விமானத்தைச் சென்னைக்குத் திருப்பினார்கள்.

சென்னையில் வெயில் அடித்தது. எரிபொருள் நிரப்பி, அனுமதி கிடைத்ததும் பெங்களூருக்கே திரும்ப வேண்டும். யாரையும் இறக்கிவிட முடியாது என்றார்கள். தரையில் வேலை செய்பவர்களில் ஒருவர் வந்து, உங்களுக்குப் பின்னால் வந்த இரண்டு விமானங்கள் அங்கே இறங்கிவிட்டன என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டுப் போனார். கேப்டன் அவளைப் பார்த்தார். "நீ சொன்னது சரி. அவங்களுக்குக் கிடைச்ச காத்து வேற," என்றார். அவளுக்குத் தண்ணீர் குடிக்க வேண்டும்போல இருந்தது.

அனுமதிக்காகக் காத்திருந்தே பொழுது சாயத் தொடங்கியது. விமானி அறையை விட்டு வெளியே வந்து நின்றாள். குமார் நடு வரிசையில், முன்சீட்டில் நெற்றியை முட்டுக்கொடுத்து, மடியில் போனை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். வீடியோ அழைப்பு. போனில் பறையடி கேட்டது. திரையில் அவன் தம்பி மாரியப்பன் தோளில் குடத்தோடு சுற்றிவந்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு வடநாட்டுப் பெண், என்னவென்று புரிந்து, குமாரின் தோளில் கை வைத்திருந்தாள். ஸ்டெஃபி அவன் வரிசைவரை போகவில்லை.

பத்து நாள் கழித்து லீவு கிடைத்து ஊருக்கு வந்தபோது அம்மா ராஜமேரி முதலில் சொன்னது இதைத்தான். "துக்கம் கேக்கப் போவணும். ஆனா நீயா எதுக்கும் வாயத் தொறக்காத. அவங்க வூட்டுல மனசு சரியில்ல."

நஞ்சப்பன் வீட்டு வாசலில் அவர் மனைவி சின்னம்மாள் உட்கார்ந்திருந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது. ஸ்டெஃபியின் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்னப்பத்தியேதான் பேசுவாரு கண்ணு," என்று அழுதாள். குமார் உள்ளேயிருந்து வந்து கம்பத்தில் சாய்ந்து நின்றான்.

"பின்னாடி வந்ததெல்லாம் எறங்குச்சாமே," என்றான்.

"ஆமாண்ணா."

"அந்த கேப்டனுக்குத் தகிரியம் இல்லையா?"

கூட வந்திருந்த அம்மா அவள் துப்பட்டாவைத் தொட்டாள். ஆமாம் என்று தலையாட்டினால் போதும், அந்த மனிதர் இந்த ஊருக்கு வரப்போவதில்லை.

"அவரு எறக்கத்தாண்ணா பாத்தாரு. நாந்தான் வேணாம்னு சொன்னேன்."

சின்னம்மாளின் பிடி தளர்ந்தது. கையை எடுக்கவில்லை.

"நான் உள்ள இருக்கறது தெரிஞ்சுமா?"

"தெரியும்ணா. அதனாலதான் சொல்ல ஒரு நிமிசம் தயங்கிட்டேன். நிமிசம்கூட இல்ல. தயங்கியிருக்கக் கூடாது. அதுதான் எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது."

"எறங்கியிருந்தா என்னா ஆயிருக்கும்?"

"தெரியாதுண்ணா. ஒண்ணும் ஆகாமக்கூட இருந்திருக்கும்."

குமார் கம்பத்தை விட்டு விலகினான். செருப்பை மாட்டிக்கொண்டு கொல்லைப் பக்கம் நடந்தான். ராஜமேரி மகளை முறைத்தாள். ஸ்டெஃபி எழுந்து அவன் பின்னால் போனாள்.

கொல்லைக்கு அப்பால் தக்காளித் தோட்டம். சாவு விழுந்த நாளிலிருந்து யாரும் பறிக்கவில்லை. பழங்கள் வெடித்துச் சாறு ஒழுகி, குச்சிகளில் தொங்கின. பாதி மண்ணில் கிடந்தன. ஓரத்தில் நஞ்சப்பனைப் புதைத்த மண்மேடு, மழை பெய்து கொஞ்சம் அமுங்கியிருந்தது. குமார் அதைப் பார்க்காமல் ஒரு பெட்டியை இழுத்துப் போட்டு, குனிந்து பறிக்க ஆரம்பித்தான். நல்லதைப் பெட்டியில் போட்டான். வீணானதை வரப்பில் எறிந்தான்.

ஸ்டெஃபி துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக்கொண்டு அடுத்த வரிசையில் இறங்கினாள். அவன் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. ஒரு பழம் அவள் விரலுக்குள் நசுங்கி மணிக்கட்டுவரை வழிந்தது. துடைக்காமல் அடுத்ததைத் தேடினாள். செடிகளுக்கு நடுவே அவன் முதுகு, குனிந்து, நிமிர்ந்து, முன்னால் போய்க்கொண்டிருந்தது.