வீட்டை விட்டுக் கிளம்பியவர்கள்

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கையைத் தூக்கினார். அவள் வாய்வரை வந்துவிட்ட சொல் அங்கேயே நின்றது.

"என்ன, தப்பாப் படிச்சிட்டேனா?"

"தப்பில்ல. இந்த இடத்துல மட்டும் வேற யாரோட புத்தகத்தையோ படிக்கிற மாதிரி இருக்கு. பக்கத்து வீட்டுக்காரங்க கடிதத்தைப் பிரிச்ச மாதிரி."

ஒலிப்பதிவுக்காரரை எல்லோரும் பாம்புக்காது என்றுதான் கூப்பிடுவார்கள். அடுத்த அறையில் ஒருவர் கொட்டாவி விட்டால்கூடப் பதிவில் கேட்கிறது என்பார். பார்வையற்றவர்களுக்கான ஒலிநூலகத்தில் அவள் புத்தகம் வாசிக்கத் தொடங்கிய நாளிலிருந்து கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர்தான். வரலாறு, பொருளாதாரம், ஒருமுறை தேனீ வளர்ப்பு என்று எதையும் ஒரே மூச்சில் வாசித்துவிட்டுப் போகிறவள் அவள். இப்போது வாசிப்பது உலக மதங்களைப் பற்றிக் கல்லூரி மாணவர்களுக்கு எழுதிய அறிமுக நூல். ஒவ்வொரு மதமும் எங்கே, எப்படித் தொடங்கியது, அதில் இருப்பவர்கள் எதை நம்புகிறார்கள் என்று அத்தியாயத்துக்கு ஒன்றாகச் சொல்லிக்கொண்டு போகும்.

முதலில் அவளுக்கு இதில் பெரிய ஆர்வம் இல்லை. சாமி விஷயத்தில் அவள் பட்டும் படாமலும் இருப்பவள். கல்யாணம் அமைந்து, பிறகு அமையாமல் போய், அப்பாவோடேயே தங்கிவிட்ட பிறகு யாரிடமும் எதையும் வேண்டிக்கொள்ளும் பழக்கம் விட்டுப்போயிருந்தது. ஆனால் வாசிக்க வாசிக்கப் புத்தகம் அவளைப் பிடித்துக்கொண்டது. அரண்மனையில் பிறந்த ஒருவர், மனைவியும் பச்சைக் குழந்தையும் தூங்கிக்கொண்டிருக்க, குதிரையேறிப் போய்விடுகிறார். உன் நாட்டையும் உன் தகப்பன் வீட்டையும் விட்டுப் போ என்று ஒரு முதியவரிடம் ஒரு குரல் சொல்கிறது. அவரும் எங்கே என்று கேட்காமல் மூட்டை கட்டுகிறார். ஏரிக்கரையில் மீன்பிடிப்பவர்கள் வலையைப் போட்டது போட்டபடி ஒரு தச்சரின் பின்னால் நடக்கிறார்கள். ஆற்றில் குளிக்கப் போன ஒருவர் காணாமல்போய், சில நாள் கழித்து வேறு மனிதராக எழுந்து வருகிறார்.

"கவனிச்சீங்களா," என்று ஒருநாள் பாம்புக்காதிடம் கேட்டாள், "யாருமே வீட்டுல உக்காந்து ஒரு மதத்தை ஆரம்பிக்கல."

"வீட்டுல எங்க மேடம் யோசிக்க விடறாங்க," என்றார் அவர்.

பதிவானதை ஒரு பிரதி எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோவாள். பிழை பார்க்க என்று பெயர், உண்மையில் அப்பாவுக்காகத்தான். அப்பா நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கண் மங்கி, இப்போது ஜன்னல் இருக்கும் திசை மட்டும் தெரிகிறது. காலையில் குளித்து முடித்ததும் நாற்காலியை ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "ம், போடு" என்பார். கேட்டு முடித்ததும் தொழில் புத்தி தலைகாட்டும். அந்த மலைக்கும் இவர்கள் கிளம்பிய ஊருக்கும் எவ்வளவு தூரம்? நடந்தா போனார்கள்? வழியில் தண்ணீர் உண்டா? தொடங்கியவர் யார், தொடங்கிய நாள் எது என்று சொல்ல முடியாத பழைய மதத்தின் அத்தியாயத்தைக் கேட்டுவிட்டு நெடுநேரம் முகவாயைத் தடவிக்கொண்டிருந்தார். "மூலப்பத்திரம் இல்லாத நிலம்," என்றார் கடைசியில். "ஆனா அனுபவம் எல்லாருக்கும் இருக்கு. இதை அளக்கறதுதான் ரொம்பக் கஷ்டம்."

இப்படிச் சிரித்துப் பேசிக்கொண்டே வந்தவர்களுக்கு, அடுத்து வருவது இஸ்லாம் என்று தெரிந்திருந்தது. இருவரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

அவளுடைய தங்கை அந்த மதத்துக்குப் போய்ப் பல வருடம் ஆகிறது. போனாள் என்பதுதான் வீட்டில் அதற்கு வைத்த பெயர். அப்பா அன்றோடு அவளிடம் பேச்சை நிறுத்தினார். அக்காவும் தங்கையும் மட்டும் தொலைபேசியில் பேசிக்கொள்வார்கள், அதுவும் அவள் பேருந்துக்கு நிற்கும் நேரத்தில். முதுகுவலி, வீட்டு வாடகை, தங்கையின் மகள் பள்ளியில் வாங்கிய திட்டு. எதைப் பேசினாலும் அந்த ஒன்றின் ஓரத்தைத் தொடாமல் சுற்றிப் போய்விடுவார்கள். தொட்டால் மிச்சமிருக்கும் இழையும் அறுந்துபோகுமோ என்று அக்காவுக்குப் பயம்.

இப்போது அவள் தடுமாறி நிற்பது ஒரு குகைக்குள். நாற்பது வயதில் ஒருவர் ஊர் இரைச்சல் பிடிக்காமல் மலைமேல் தனித்திருக்கிறார். அங்கே வானவர் வந்து 'இக்ரஃ' என்கிறார், ஓதுவீராக. எனக்கு ஓதத் தெரியாது என்கிறார் இவர். வானவர் இறுகக் கட்டிப்பிடித்து, விட்டு, மறுபடியும் அதையே சொல்கிறார். காலமெல்லாம் வாசித்தே சோறு தின்கிறவளுக்கு அந்த ஒரு சொல்லை எந்தக் குரலில் சொல்வதென்று தெரியவில்லை. அதட்டலா? கெஞ்சலா? மெல்லச் சொன்னால் ரகசியம் போலிருந்தது. உரக்கச் சொன்னால் நாடகம் போலிருந்தது.

"தெரிஞ்சவங்க யாரையாவது கேட்டுப் பாருங்களேன்," என்றார் பாம்புக்காது. அவருக்குத் தங்கையைப் பற்றி ஒன்றும் தெரியாது.

வராந்தாவில் நின்று எண்ணை அழுத்தினாள்.

"என்னக்கா இந்த நேரத்துல? அப்பாவுக்கு ஒண்ணும் இல்லையே?"

"அவர் நல்லா இருக்கார். ஒரு சந்தேகம்டி. உங்க... உங்க நபிகிட்ட வானவர் ஓதுன்னு சொல்றாரே, அதை எப்படிச் சொல்லணும்?"

மறுமுனையில் ஏதோ இயந்திரம் சுற்றுவது நின்றது. கெடுத்துக்கொண்டோம் என்று அவள் நினைத்தாள்.

"வேலை முடிச்சு நேர்ல வரேன்," என்றாள் தங்கை.

சாயங்காலம் வந்தாள். செயற்கைப் பல் செய்யும் இடத்தில் வேலை; சட்டைக் கையிலும் முக்காட்டின் ஓரத்திலும் பல் அச்சு வார்க்கும் வெள்ளை மாவு ஒட்டியிருந்தது. அக்கா தன்னையறியாமல் கை நீட்டி அதைத் தட்டிவிட்டாள். இருவரும் ஒலிக்கூடத்துக்குள் ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதியாக உட்கார்ந்தார்கள். தங்கை பக்கத்தை இரண்டு முறை படித்தாள்.

"நடிக்காதக்கா. அதட்டவும் வேணாம். அந்த 'க்' நம்ம 'க்' இல்ல, தொண்டைக்கு அடியில இருந்து வரணும்." சொல்லிக் காட்டினாள். அக்கா திரும்பச் சொன்னாள். எச்சிலை விழுங்கியது போல் வந்தது. தங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சின்ன வயதில் போலவே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு கொடுத்த தைரியத்தில் அக்கா கேட்டுவிட்டாள்.

"நீ ஏண்டி போனே?"

தங்கை பக்கத்தின் மூலையை மடித்தாள், நிமிர்த்தினாள்.

"இத்தனை வருஷத்துல ஒருத்தர்கூட இதைக் கேக்கல. யாரு பையன், யாரு பையன்னுதான் கேட்டீங்க. அப்போ பையனே கிடையாது. அவர் வந்தது ரெண்டு வருஷம் கழிச்சு."

அக்காவுக்கு இது புதுச் செய்தி. நெஞ்சுக்குள் அடுக்கி வைத்திருந்த ஒரு கதை முழுதாகச் சரிந்தது.

"இந்த இடம்தான்," தங்கை விரலை வரியில் வைத்தாள். "எனக்குத் தெரியாதுன்னு சொல்றார் பாரு. நம்ம வீட்டுல யாராவது எதையாவது தெரியாதுன்னு சொல்லிப் பாத்திருக்கியா? அப்பாவுக்கு எல்லாம் தெரியும். உனக்கு அதுக்கு மேல. கூட வேலை பாத்தவ ஒருத்தி இந்தக் கதையைச் சொன்னப்போ, தெரியாதுன்னு சொன்ன ஒருத்தர்கிட்ட இருந்து இவ்வளவு பெரிசா ஒண்ணு ஆரம்பிக்குமான்னு இருந்துச்சு. மேல கேட்டேன், கேட்டுக்கிட்டே இருந்தேன். அவ்வளவுதான்க்கா. உனக்கு இது சின்னதாத் தெரியலாம்."

"சின்னதுன்னு யாருடி சொன்னது," என்றாள் அக்கா. "எனக்கு... எனக்குத் தெரியல."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து பாம்புக்காதின் குரல் ஒலிபெருக்கியில் வந்தது. "மேடம், அந்த ஒரு வார்த்தையை மட்டும் அவங்களே சொல்லட்டுமே. மிச்சத்தை நீங்க படிங்க. நல்லா சேரும்." ஒலிவாங்கி திறந்தே இருந்திருக்கிறது என்று அப்போதுதான் இருவருக்கும் தெரிந்தது. அவர் தலையைக் குனிந்து எதையோ திருகிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "ம்" என்றார். போடு என்று சொல்லவில்லை. வேண்டாமென்றும் சொல்லவில்லை. அவள் சமையலறை வாசலில் நின்று பொத்தானை அழுத்தினாள். முன்கூட்டிச் சொல்லிவிடலாமா என்று எண்ணி, வாய் வராமல் விட்டுவிட்டாள்.

பாலை நிலம், வணிகக் கூட்டம், தாய் தகப்பனை இழந்து வளர்ந்த பிள்ளை. அப்பா தேநீரை ஆற்றிக்கொண்டே கேட்டார். குகை வந்தது. அவளுடைய குரல் ஓய்ந்த இடத்தில் இன்னொரு குரல், தொண்டைக்கு அடியிலிருந்து, ஒரே ஒரு சொல். அப்பாவின் கை நின்றது. எனக்கு ஓதத் தெரியாது என்றது அவளுடைய குரல். மறுபடி அந்தச் சொல் வந்தது. அப்பா டம்ளரைத் தரையில் வைக்கக் குனிந்து, தரை எட்டாமல், மடியிலேயே பிடித்துக்கொண்டார். மூன்றாம் முறை வந்தபோது கண்ணை மூடியிருந்தார்.

"நிறுத்து."

நிறுத்தினாள். தெருவில் யாரோ இரும்புக் கதவை இழுத்துச் சாத்தினார்கள். அப்பா எழுந்து உள்ளே போய்விடுவார் என்று அவள் காத்திருந்தாள்.

"அவளுக்கு மூக்கடைப்பா?"

"ஆமாம்ப்பா. மாவுத் தூசியில வேலை."

"என்ன வேலை?"

"செயற்கைப் பல் செய்யறாப்பா."

அப்பா அதை யோசித்தார். அவருடைய நாக்கு மேல்வரிசைப் பற்களுக்குள் மெல்ல ஊர்ந்து, ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போவது கன்னத்தில் தெரிந்தது.

"மிச்சத்தைப் போடு."

அவளுடைய குரல் விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. அவர் உடல் நடுங்க மலையிலிருந்து இறங்குகிறார். வேறெங்கும் போகவில்லை, நேராக வீட்டுக்கு வருகிறார். போர்த்துங்கள், என்னைப் போர்த்துங்கள் என்கிறார்.

"வீட்டுல யாரு இருந்தா?" என்று கேட்டார் அப்பா.

"கேளுங்க, வருது."

அவர் நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்த்தினார். ஆறிப்போன தேநீர் தளும்பி விரல்மேல் வழிந்தது. துடைக்காமல், ஒலிபெருக்கியின் பக்கம் முகத்தைச் சாய்த்துக் காத்திருந்தார்.