திங்கள் அவளுக்கு, புதன் அவருக்கு

"அந்த ஊர்ல பொழுது போகுமா?" என்று கேட்டாள் அவள்.

"போகுமாவா? பொழுது பத்தாது" என்றார் அவர். "பட்டாளத்து ஊரும்மா அது. ஞாயித்துக்கிழமை ஆனா பார்க்ல பேண்டு வாசிப்பாங்க. ஏரியில மிதி படகு இருக்கு. ரெண்டு ரெண்டு பேரா உட்கார்ந்து மிதிக்கணும். ஐஸ்கிரீம் கடையே ஒரு தெரு நீளத்துக்கு இருக்கும். வாழ்க்கையை அனுபவிக்கிறதுக்குன்னே கட்டின ஊரு."

"நாம போவோமா?"

"பின்னே? உன்னை விட்டுட்டு வேற எவன்கூடப் போகப் போறேன்?"

கல்யாணமான மறுவாரம், பேருந்தின் ஜன்னலோர இருக்கையில் பேசிய பேச்சு. வருஷங்கள் ஓடிவிட்டன. ஆனாலும் பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று அது அவளுக்கு வார்த்தை மாறாமல் நினைவுக்கு வரும். வந்துவிட்டால் ஊசி கொஞ்சம் வேகமாகக் குத்தும்.

அந்த ஊர் ராணுவ முகாமின் பெரிய வாசலுக்கு நேர் எதிரே இருந்தது இருவரும் வேலை பார்த்த தையல் கடை. புதுச் சீருடை தைப்பது, பழையதைப் பிடிப்பது, முகாமின் சமையலில் பெருத்தவர்களுக்குத் தளர்த்துவது, பதவி உயர்ந்தவர்களின் சட்டைக் கையில் பட்டை வைப்பது என்று வேலைக்குப் பஞ்சமில்லை. அவர் கட்டிங் மாஸ்டர். காஜா, பட்டன், பட்டை எல்லாம் அவள் பொறுப்பு. சிப்பாய்களுக்கு அவள் 'பட்டன் அக்கா'. மூன்றாவதாக வேலை தெரிந்த ஆள் கடையில் கிடையாது. முதலாளி கல்லாவில் உட்கார்ந்து வாசலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார்.

"ரெண்டு பேரும் ஒண்ணாப் போயிட்டா கடையை நான் தோள்ல போட்டுக்கிட்டுத் திரியறதா?" என்று சேர்ந்த அன்றைக்கே கேட்டுவிட்டார். அதனால் அவளுக்குத் திங்கட்கிழமை லீவு, மாஸ்டருக்குப் புதன்கிழமை. ஞாயிறு சிப்பாய்கள் ஊருக்குள் வரும் நாள் என்பதால் யாருக்கும் கிடையாது. காற்று இந்தப் பக்கம் அடித்தால், பார்க்கில் வாசிக்கும் பேண்டு கடைக்குக் கேட்கும். மாஸ்டரின் கத்தரி அந்தத் தாளத்துக்கு நடக்கும்.

இருவரும் ஊரை ஆளுக்குப் பாதியாக அனுபவித்தார்கள். புதுப் படம் வந்தால் அவள் திங்கட்கிழமை பார்ப்பாள், அவர் புதன்கிழமை. நடுவில் வருகிற செவ்வாய்க்கிழமைதான் பாடு.

"வாயைத் திறந்து முடிவைச் சொல்லிடாதே" என்பார் மாஸ்டர்.

"நான் எங்கே சொன்னேன்? பட்டன் வெச்சுக்கிட்டிருக்கேன்."

"மூக்கை உறிஞ்சறியே. யாரோ சாகறாங்கன்னு தெரிஞ்சுபோச்சு."

"ஜலதோஷங்க."

மறுநாள் அவர் தியேட்டரில் உட்கார்ந்து, கதாநாயகி சிரிக்கும் காட்சியிலெல்லாம் துக்கப்பட்டுக்கொண்டிருப்பார்.

படகு விஷயம் இன்னும் மோசம். ஒற்றை ஆளுக்குப் படகு தர மாட்டேன் என்று படகுக்காரர் ஒரு புதன்கிழமை மறுத்துவிட்டார். பக்கத்தில் தனியாக நின்ற தடித்த மீசைக்காரர் ஒருவரை ஜோடி சேர்த்து ஏற்றியும் விட்டார். மீசைக்காரர் பக்கம் படகு சாய்ந்தது. அவர் மிதித்த வேகத்துக்கு மாஸ்டரால் ஈடுகொடுக்க முடியவில்லை. வாடகை நேரம் முழுக்கப் படகு ஒரே இடத்தில் வட்டம் போட்டது. இதை வீட்டில் சிரித்துக்கொண்டே சொன்னார். அவள் சிரிக்கவில்லை.

"என்கூடப் போக வேண்டிய படகுல ஒரு மீசையைக் கூட்டிக்கிட்டுப் போயிருக்கீங்க" என்றாள்.

அன்று தட்டு வைத்த சத்தத்தில் மாஸ்டருக்குப் புரிந்தது. முதலாளியிடம் கேட்டே ஆக வேண்டும். இருவருக்கும் ஒரே நாளில் லீவு. அவ்வளவுதான் விஷயம். வாரா வாரம் தலைவாரும்போது கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிப் பழகினார். கண்ணாடி மறுப்பே சொல்லவில்லை. கல்லாவுக்கு எதிரே போய் நின்றால்தான் நாக்கு ஒட்டிக்கொண்டது.

"முதலாளி, எங்க ரெண்டு பேருக்கும் ஒரே..."

"ஒரே?"

"ஒரே புழுக்கமா இருக்கு. ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வைக்கட்டுமா?"

இப்படியே ஃபேன், ஜன்னல் திரை, தண்ணீர்ப் பானை என்று கடைக்குப் பல நன்மைகள் விளைந்தன.

"நீங்க கேக்க மாட்டீங்க" என்றாள் அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடை மூடிவிட்டு நடக்கும்போது. "நாளைக்கு உங்களுக்குக் காய்ச்சல்."

"எனக்கு நல்லாத்தானே இருக்கு?"

"காலையில வந்துடும். எனக்கு லீவு, உங்களுக்குக் காய்ச்சல். படகு நம்மளுது."

காலையில் மாஸ்டர் போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு முதலாளிக்குப் போன் செய்தார். அவள் முழங்கையால் இடித்த இடத்திலெல்லாம் இருமினார். காய்ச்சலுக்கு ஏன் இருமல் என்று முதலாளி கேட்கவில்லை. பதவி உயர்வு பெற்றவர்களின் சட்டைகள் ஒரு மூட்டை வந்து கிடக்கின்றன, சாயங்காலம் அணிவகுப்புக்கு வேண்டும் என்றார். பிறகு பெருமூச்சு விட்டார். "சரி. படுங்க. நானும் ஒரு காலத்துல ஊசி பிடிச்சவன்தானே."

ஏரிக்கரை வெறிச்சோடிக் கிடந்தது. படகுகளெல்லாம் ஒரே சங்கிலியில் கோக்கப்பட்டு, வெயிலில் வயிறு காட்டிக் கவிழ்ந்திருந்தன. டிக்கெட் அறையில் பூட்டு. 'திங்கட்கிழமை விடுமுறை' என்று ஒரு பலகை. பெயின்ட் உரிந்திருந்ததைப் பார்த்தால் பல வருஷமாகத் தொங்கும் பலகை.

மாஸ்டர் பலகையையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார். "வாரா வாரம் வருவியே. தண்ணி ஜில்லுனு இருந்துச்சுன்னு சொல்லுவியே?"

"ஜில்லுனுதான் இருந்துச்சு. கரையிலேர்ந்து கையை விட்டுப் பார்த்தேன்."

"படகு?"

அவள் புல்லைக் கிள்ளினாள். "நீங்க இந்த ஊரைப் பத்தி அவ்வளவு ஆசையாச் சொன்னீங்க. படகு கிடையாது, பேண்டு கிடையாது, பாதிக் கடை மூடியிருக்குன்னு எப்படிச் சொல்றது? ஞாயித்துக்கிழமை ஆடின ஆட்டத்துக்கு ஊரே திங்கக்கிழமை படுத்துக்குது. இன்னிக்காவது திறந்திருக்கும்னு பார்த்தேன். உங்களுக்குக் காய்ச்சல் வந்தது அவங்களுக்குத் தெரியலை."

மாஸ்டர் தெருமுனைக்குப் போனார். வறுத்த கடலை வாங்கி வந்தார். கவிழ்ந்த படகு ஒன்றின் முதுகில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அவர் காலை நீட்டி, காற்றில் மிதித்துக் காட்டினார். அவளும் மிதித்தாள். மாஸ்டரின் செருப்பு ஒன்று பறந்து தண்ணீரில் விழுந்தது. அதைக் குச்சியால் இழுத்து எடுப்பதற்குள் இருவருக்கும் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

அந்த நேரத்தில்தான் ஒரு சிப்பாய் கரையோரமாக வேகமாக நடந்து போனார். சட்டைப் பையின் பட்டன் ஒற்றை நூலில் ஊசலாடிக்கொண்டிருந்தது.

"பார்க்காதே" என்றார் மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு. "நீ லீவுல இருக்கே. நான் காய்ச்சல்ல இருக்கேன்."

"அது விழுந்துடும்ங்க."

"விழட்டும்."

அவளால் முடியவில்லை. "தம்பி, நில்லுங்க" என்று எழுந்துவிட்டாள். கழுத்தோரம் துணியில் எப்போதும் குத்தி வைத்திருக்கும் ஊசி, நூலோடு கைக்கு வந்தது. மாஸ்டர் முகத்தைத் திருப்பி ஏரியைப் பார்த்தார். ஆனால் அவள் நூலுக்கு முடிச்சுப் போடும் நேரத்தில் அவராலும் பொறுக்க முடியவில்லை. எழுந்து வந்து, "சட்டை தோள்கிட்ட இழுக்குது தம்பி, கடைக்குக் கொண்டு வாங்க, பிரிச்சு விடறேன்" என்றார்.

செவ்வாய்க்கிழமை கடை திறந்தபோது முதலாளியின் மூன்று விரல்களில் பிளாஸ்திரி. கூர்முனை கீழே பார்க்க வேண்டிய பட்டைகளை எல்லாச் சட்டையிலும் மேலே பார்க்க வைத்துத் தைத்திருந்தார். அணிவகுப்பு முழுவதும் தலைகீழாக நடந்து, அதிகாரி நேரில் வந்து கத்திவிட்டுப் போயிருந்தார். மாஸ்டர் இருமிக்கொண்டே அத்தனையையும் பிரித்தார். அவள் திருப்பித் தைத்தாள்.

சாயங்காலம் முகாமின் கிளப்பில் விருந்து. முதலாளியும் அவர் மனைவியும் அடிக்கடி போவதுதான். கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பியவருக்குக் கை தூக்கியதும் அக்குளில் தையல் விட்டுப் பிளந்தது. காரில் காத்திருந்த மனைவி ஹாரனை அடித்தார்.

"கழட்ட நேரமில்லைம்மா, இப்படியே தை" என்று வலது கையை உச்சிக்குத் தூக்கிக்கொண்டு அவள் முன்னால் நின்றார் முதலாளி.

அவள் பாதி தைத்திருப்பாள். சட்டை ஒன்றை மடித்து வைத்துக்கொண்டு நேற்றைய சிப்பாய் உள்ளே வந்தார்.

"மாஸ்டர் அண்ணே, தோள் பிரிக்கணும்னு சொன்னீங்களே, கொண்டாந்துட்டேன். அக்கா, நேத்து நீங்க மட்டும் ஏரிக்கரையில இல்லேன்னா எனக்குத் தண்டனைதான்." மாஸ்டரைப் பார்த்து அன்பாகச் சிரித்தார். "செருப்பு காஞ்சுதா அண்ணே?"

மாஸ்டருக்கு இருமல் நின்றுபோனது.

சிப்பாய் சட்டையை வைத்துவிட்டுப் போகும் வரை முதலாளி தூக்கிய கையோடு புன்னகைத்துக்கொண்டிருந்தார். பிறகு தலையை மட்டும் திருப்பினார்.

"காய்ச்சல் ஏரிக்கரைக்குக் காத்து வாங்கப் போயிருந்துச்சா மாஸ்டர்?"

மாஸ்டர் கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைச் சுருட்டினார். சுருட்டியதை அவிழ்த்தார்.

"ஏரிதான் வேணும்னா சொல்லுங்க. ரெண்டு பேரையும் இப்பவே வீட்டுக்கு அனுப்பிடறேன். அப்புறம் தினமும் கரையில உட்கார்ந்து கடலை கொறிக்கலாம். வாசல்ல பலகை மாட்டினா நாளைக்கே வேற ஆள் வந்து நிப்பான்."

மாஸ்டர் வாயைத் திறந்தார். "முதலாளி, ஃபேனை..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

வெளியே ஹாரன் நீளமாக அடித்தது. "சீக்கிரம் தைம்மா" என்றார் முதலாளி.

ஊசி நின்றுவிட்டது. கோட்டின் கை பாதியில் தொங்கியது. முதலாளி கையை இறக்கப் பார்த்தார். ஊசி இருக்கும் இடம் நினைவுக்கு வந்து மறுபடி தூக்கிக்கொண்டார். அவள் நூலை விரலில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, முதன்முறையாக அவர் முகத்தை நேராக நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்க ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல லீவு குடுங்க முதலாளி" என்றாள். "திங்கக்கிழமை வேண்டாம். படகு ஓடுற நாளாப் பார்த்துக் குடுங்க."