மோகனத்துக்குத் தாளம்

பெண் பார்க்க வருகிறவர்களுக்கு முன்னால் பாடத் தெரியாத பெண் எங்கள் குடும்பத்தில் இருந்ததில்லை. சாருஜாவால் பாட முடியாது. ஒன்பது வயதில் வந்த மூளைக்காய்ச்சலில் இடது காது முழுதாகவும் வலது காது முக்கால்வாசியும் போய்விட்டன.

என் தம்பியின் மகள் அவள். தம்பி இறந்த பிறகு அவளுக்கும் தாய் அருந்ததிக்கும் பொறுப்பாக நிற்பவன் நான். வலது காதில் மெஷின் போட்டால் பாதி விளங்கும். மீதியை உதட்டைப் பார்த்துப் பிடித்துக்கொள்வாள். மெஷின் இல்லாவிட்டால் எங்கள் யன்னல்களை அதிர வைத்துக்கொண்டு போகும் கரையோர ரயில்கூட அவளுக்குக் கேளாது. ஆனால் பேச்சில் பிசகு இருக்காது. அதனால் வெள்ளவத்தையில் இந்தச் சங்கதி எங்கள் கதவைத் தாண்டிப் போகாமல் என்னால் காக்க முடிந்தது.

போன வருடம், கணினிக்குக் கட்டளை எழுதி இசையமைக்கப் பழக்கும் ஆரம்ப வகுப்பு ஒன்றில் இன்ரநெற் வழியாகச் சேர்ந்தாள். ஸ-வுக்கு அறுபது, ரி-க்கு அறுபத்திரண்டு என்று ஒவ்வொரு சுரத்துக்கும் ஓர் எண். எண்ணை எழுதி, எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்பதை அடுத்த வரியில் எழுத வேண்டும். முதல் நாள் பொறுக்கும் வரிகளை எழுத மறந்துவிட்டாள். எல்லாச் சுரமும் ஒரே நேரத்தில் வெடித்தது. சட்டிபானை விழுந்துவிட்டதென்று அருந்ததி குசினிக்குள் ஓடினாள். சாருஜா விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு ஸ்பீக்கரின் மேல் உள்ளங்கையை வைத்து, அதிர்வை வைத்தே பிழை திருத்தப் பழகினாள்.

"ஓடுற வரி வெளிச்சமா வரும் பெரியப்பா. பாட்டு எனக்குக் கண்ணாலை தெரியுது," என்றாள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து உமாசுதனின் சம்பந்தம் வந்தது. வங்கி உத்தியோகம், நல்ல குடும்பம். இருவரும் போனில் எழுதிப் பழகிக்கொண்டார்கள். அவன் எழுதியதை வாசிக்கும்போது அவள் முகம் மாறுவதை நானும் கண்டேன்.

"காது விசயத்தை நானே அவருக்குச் சொல்லிவிடுறன்."

"தாலி ஏறினாப்பிறகு சொல்லு," என்றேன்.

அவர்கள் வருகிற அன்று மெஷினைக் கழற்றி வைக்கச் சொன்னேன். ஸ்பீக்கரில் கை வைத்தால் பார்க்கிறவர்களுக்கு விளங்கிவிடும் என்று, அதை அவளுக்கு எட்டாத தூரத்தில், ரீவி மேசையின் ஓரத்தில் நானே வைத்தேன்.

உமாசுதனோடு தாய் லோசனாதேவியும் தங்கை தாரிகாவும் வந்தார்கள். பலகாரத் தட்டு கைமாறி முடியவில்லை, லோசனாதேவி கேட்டார்: "பிள்ளை பாடுமோ?"

"பாட ஆரும் பாடலாம். எங்கட பிள்ளை பாட்டை உண்டாக்கும், கொம்பியூட்டரிலை," என்றேன்.

"அப்ப கொம்பியூட்டரையும் சேத்தோ அண்ணை கட்டிக் குடுக்கப் போறியள்?"

எல்லோரும் சிரித்தோம். சாருஜா லப்ரொப்பைத் திறந்து வயரைக் கொழுவிக்கொண்டிருந்தாள். தாரிகா பின்னாலிருந்து, "அக்கா, உங்கட சீலைத் தலைப்பு நிலத்திலை இழுபடுது," என்றாள். சாருஜா திரும்பவில்லை. "அக்கா!" என்று உரத்துக் கூப்பிட்டாள். அதற்கும் இல்லை.

"வேலையிலை இறங்கினா அவளுக்கு உலகம் தெரியாது," என்று அருந்ததி அவசரமாகச் சிரித்தாள்.

தாரிகா தாயைப் பார்த்தாள். பிறகு எழும்பி, ரீவி மேசைக்குப் பக்கத்துக் கதிரையில் போய் இருந்தாள்.

சாருஜா எங்களுக்கு முதுகு காட்டி அமர்ந்து பொத்தானை அழுத்தினாள். நாலைந்து சுரம் கேட்டிருக்கும். தாரிகாவின் கை ஸ்பீக்கருக்குப் பின்னால் போனது. குமிழைத் திருகிய 'டக்' சத்தத்தோடு பச்சை வெளிச்சம் அணைந்தது.

கணினித் திரையில் வரிகள் ஒவ்வொன்றாக வெளிச்சமாகிக்கொண்டே இருந்தன. அறையில் ஓசை இல்லை. சாருஜா திரையைப் பார்த்து மெல்லத் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

ஸ்பீக்கர் நின்றுவிட்டது என்று நான் சொல்லியிருந்தால், அது ஏன் அவளுக்குத் தெரியவில்லை என்ற கேள்வி வரும். ஆகவே முழங்காலில் தாளம் போடத் தொடங்கினேன். என்னைப் பார்த்துவிட்டு அருந்ததியும் தலையசைத்தாள்.

லோசனாதேவி என் பக்கம் சாய்ந்தார். "என்ன ராகம் அண்ணை?"

"மோகனம்."

"மோகனமோ? எனக்கு முகாரி மாதிரியெல்லோ கேக்குது."

தாரிகா கைலேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டாள். உமாசுதன் தங்கையின் கையையும் பார்த்தான், அணைந்த வெளிச்சத்தையும் பார்த்தான். பிறகு தாயின் முகத்தைப் பார்த்தான். அதன் பிறகு அவனும் தலையாட்டத் தொடங்கினான்.

நீளமான பாட்டு அது. நான் ஓர் அடி தவறாமல் தாளம் போட்டேன்.

கடைசி வரி அணைந்ததும் சாருஜா எங்கள் பக்கம் திரும்பினாள். லோசனாதேவிதான் முதலில் கைதட்டினார். பிறகு எல்லோரும் தட்டினோம். அவள் முகம் சிவந்துவிட்டது. நேரே உமாசுதனைக் கேட்டாள்: "எந்த இடம் பிடிச்சுது?"

"கடைசிப் பகுதி," என்றான். "நல்ல வடிவா இருந்தது."

"மெய்யாவோ? அந்த இடத்தைத்தான் நான் அழிச்சு அழிச்சு எழுதினனான்!"

தாரிகாவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சாருஜா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். முகத்தை வாசிக்கப் பழகிய பிள்ளை. தாயின் கண்ணில் நீரைக் கண்டதும் எழுந்து ரீவி மேசைக்குப் போனாள். வெளிச்சம் அணைந்திருப்பதைப் பார்த்தாள். உள்ளங்கையை ஸ்பீக்கரின் மேல் வைத்தாள். சற்று நேரம் எடுக்கவேயில்லை.

"எனக்குக் காது கேளாது அன்ரி," என்றாள். மெஷின் இல்லாததால் தன் குரலின் அளவு அவளுக்குத் தெரியவில்லை. பக்கத்து ஃபிளட்டுக்கும் கேட்டிருக்கும். உமாசுதனைக் கையால் காட்டினாள். "எனக்கு ஒன்பது வயசிலை போனது. இவருக்கு எப்ப போனது?"

உமாசுதன் குனிந்துகொண்டான். லோசனாதேவி கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினார்.

"குறையை மூடி எங்கட தலையிலை கட்டப் பாத்தியள் அண்ணை. முதலே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா வந்திருப்பியளோ?"

"வந்திருக்க மாட்டம்," என்றார். "இப்பிடிச் சிரிச்சிருக்கவும் மாட்டம்."

உமாசுதன் வாசலில் சப்பாத்து நாடாவைக் கட்டாமலே இறங்கிப் போனான். லிப்டின் கதவு மூடும்வரை தாரிகாவின் சிரிப்பு கேட்டது. எனக்கும் அருந்ததிக்கும் கேட்டது.

அருந்ததி தட்டுகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள். சாருஜா என் முழங்காலையே பார்த்துக்கொண்டு நின்று, பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்கள் எதுக்குப் பெரியப்பா தாளம் போட்டனீங்கள்?"

"எங்கட மானத்துக்கு."

"அவை சிரிச்சது உங்களுக்குத் தெரியும். ஒரு சொல் சொல்லியிருந்தா நான் நிப்பாட்டியிருப்பன். அந்த ஆளிட்டை எந்த இடம் பிடிச்சுதெண்டு கேட்டிருக்க மாட்டன்."

அவள் திரும்பி வயரைக் கழற்றிச் சுருட்டத் தொடங்கினாள்.

இத்தனை வருடம் ஒருவர் வாயிலும் விழாமல் காத்த சங்கதி. அதை ஒரே வார்த்தையில் ஊருக்குக் கொடுத்துவிட்டாள். லோசனாதேவி கொட்டாஞ்சேனை போய்ச் சேருவதற்குள் தெஹிவளைவரை தெரிந்துவிடும்.

"இனி உன்னை ஆர் கட்டுவினம்?" என்றேன்.

அவள் வயரைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். முதுகுக்குச் சொன்னது அவளுக்கு எப்படிக் கேட்கும்?

நான் எழுந்து போய் அவளுக்கு முன்னால் நின்றேன். தலை நிமிரும்வரை காத்திருந்தேன். அவள் கண்கள் என் உதட்டுக்கு வந்ததும், ஒரு சொல்லும் தவறிப்போகாதபடி, அதையே நிதானமாகத் திருப்பிச் சொன்னேன்.