ஆகாஷ் ஒட்டிய பிளாஸ்திரி

பதினொரு வருடம் கோல் கம்பத்துக்கு நடுவே நின்று சம்பளம் வாங்கியவன் ஹேமநாத். சென்னை கால்பந்து கிளப் ஒன்றில் முதல் கீப்பர், வயது முப்பத்து மூன்று. இரண்டாவது கீப்பர் ஆகாஷ், இருபத்து மூன்று; அதே ஆரணி, அதே தெரு. அவனைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ச் சேர்த்துவிட்டதே ஹேமநாத்தான். அடுத்த சீசனுக்கு இரண்டு பேரில் ஒருவனைத்தான் வைத்துக்கொள்வோம் என்று கோச் சொல்லியிருந்தார். ஆரணிக் கோட்டை மைதானத்தில் நடக்கும் கோப்பைப் போட்டியோடு அது முடிவாகிவிடும்.

வெளியே உட்கார்ந்திருக்கும் கீப்பருக்கும் ஒரு வேலை உண்டு. எதிரணியில் யார் பெனால்டியை எந்தப் பக்கம் அடிப்பார்கள் என்று வீடியோ பார்த்துக் குறித்து, ஆடுகிறவனின் தண்ணீர் பாட்டிலில் பிளாஸ்திரி ஒட்டி எழுதித் தரவேண்டும். கீப்பர் நிற்கிற பக்கத்திலிருந்துதான் இடது, வலது. முதல் நாளே இதைச் சொல்லிக்கொடுத்தவனும் ஹேமநாத்தான். ஒன்பது மாதத்தில் ஆகாஷ் ஒரு தடவைகூடத் தப்பாக எழுதியதில்லை.

இறுதி ஆட்டம் பெனால்டிக்குப் போனது. கோல் கம்பத்தடியில் வைத்திருந்த பாட்டிலை ஹேமநாத் பார்த்தான். ஏழாம் நம்பர், இடது. இடது பக்கம் பாய்ந்தான்; பந்து வலது பக்கம் போனது. சரி, போகட்டும். பத்தாம் நம்பர், வலது. பந்து இடது பக்கம் போனது. மூன்றாவது ஆள் ஓடிவரும்போதே இடுப்பு திரும்பிய விதத்தில் வலது என்று பளிச்சென்று தெரிந்தது. பிளாஸ்திரியில் இடது என்றிருந்தது. சொந்தக் கண்ணைவிட ஆகாஷின் கையெழுத்தை நம்பினான், மடையன். ஊரே பார்க்க வெறும் மண்ணில் விழுந்து கிடந்தான்.

நான்காவது பந்துக்குப் பாட்டிலைத் திரும்பியே பார்க்கவில்லை. பாய்ந்து பிடித்தான். என்ன பிரயோசனம்? சொந்த அணியில் இரண்டு பேர் வெளியே அடித்திருந்தார்கள். ஐந்தாவது பந்து கைக்கு எட்டாத உயரத்தில் உள்ளே போக, கோப்பையும் போனது.

எல்லைக்கோட்டுக்கு வந்தபோது ஆகாஷ் அதற்குள் பாட்டிலை எடுத்துவந்து, அதில் இருந்த பிளாஸ்திரியை உரித்துக்கொண்டிருந்தான்.

"எல்லாம் மாத்தி இருந்துச்சே, ஆகாஷ்?"

"அவசரத்துல அடிக்கிறவன் பக்கத்துலேர்ந்து எழுதிட்டேன் போலண்ணா."

முகத்தைப் பார்க்காமல் சொன்னான். பிளாஸ்திரியைச் சுருட்டி டவுசர் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். அவசரமாம். தவறி எழுதியவன் அதை ஏன் ஒளிக்கிறான்? தோற்றதுகூடப் பெரிதில்லை. தன் வீட்டில் உட்கார்ந்து சோறு தின்றவன், அண்ணா அண்ணா என்று சொல்லிக்கொண்டே கழுத்தை அறுத்துவிட்டான்.

கோச் வந்தார்.

"சார், லிஸ்ட்டு தப்பு சார்," என்றான் ஹேமநாத்.

"லிஸ்ட்ட கொற சொல்லாத. நாலாவது புடிச்சியே, அத்த பாத்துதான? அடுத்த வருஷம் ஆகாஷே நிக்கட்டும்ப்பா."

அவ்வளவுதான். அந்த நிமிஷமே ஆகாஷ் நெடுஞ்சாண்கிடையாக ஹேமநாத்தின் காலில் விழுந்தான். "அண்ணன்தான் சார் எனக்கு எல்லாம் கத்துக்குடுத்துச்சு." கூட்டம் கை தட்டியது. நாலைந்து பேர் செல்போனைத் தூக்கினார்கள். ஹேமநாத் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"பொறாம பாரு," என்றான் கூட்டத்தில் ஒருவன்.

கூட்டத்தைத் தடுக்கக் கட்டியிருந்த கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற ஹேமநாத்தின் அம்மா கமலத்துக்கு அவமானமாகிவிட்டது. "புள்ள கால்ல வுழுந்துகினு கெடக்குது. ஆசீர்வாதம் பண்ணா இன்னாடா கொறஞ்சுபூடும் உனக்கு?"

ஹேமநாத் கையுறையோடு குனிந்து ஆகாஷின் தலையில் கையை வைத்தான். நல்லா இரு என்று மட்டும் அவனால் சொல்ல முடியவில்லை.