லயத்துக்குப் பின்னால் நாற்பது குழி

தேயிலைத் தோட்டத்தின் பெரட்டுக் களத்தில் கங்காணி ராக்கப்பன் அன்றைய வேலைக்குப் பேர் வாசித்துக்கொண்டிருந்தார். வைகாசி கடைசி. சாரல் விழுந்துகொண்டிருந்தது. பெண்கள் கோணிச்சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்து நின்றார்கள். கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் முதலில் பிரிந்து மேட்டில் ஏறினார்கள்.

“முத்துப்பேச்சி, செபமாலை, மூக்கம்மா, சுருளியம்மா. நீங்க நாலு பேரும் குழி வெட்டு. அஞ்சாம் நம்பர் லயத்துக்குப் பின்னால.”

சுருளியம்மாள் நிமிர்ந்தாள். அந்த வரிசை வீடுகளில் ஒன்றில்தான் அவள் குடியிருந்தாள்; பின்னால் நிற்பது அவளுடைய மரவள்ளி.

“எங்க வீட்டுக்குப் பின்னாலயாண்ணே?”

ராக்கப்பன் நோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “அங்கனதான் தாயி. புதுத் தேயிலை வைக்கப் போறாக.”

போன புரட்டாசியில்தான் அவள் அந்தச் சரிவைத் திருத்தினாள். கவாத்து வெட்டும்போது கத்தி தவறி அவள் புருஷன் பெரியமுத்துவின் முழங்காலுக்குக் கீழே எலும்பு வரைக்கும் இறங்கியிருந்தது. அவர் வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் கிடந்தார். ரேஷனில் போட்ட அரிசி வாரத்தில் மூன்று நாள் தாங்கியது. குமுளிக் கடைகளில் ஒவ்வொரு தடவை போகும்போதும் ஒரு விலை. கீழே கம்பத்தில் மலிவென்று ஒருநாள் பஸ் ஏறிப் போய் ஆறு படி வாங்கிவந்தாள். அரிசி எல்லை தாண்டக் கூடாதென்று செக்போஸ்டில் கம்பியால் பையைக் குத்திப் பார்த்து, அரிசியைக் கொட்டிக்கொண்டு வெறும் பையைக் கொடுத்தார்கள். இரண்டு பெண்பிள்ளைகளும் அன்றைக்குச் சோறு வருமென்று பஸ் நிற்கிற இடத்துக்கே வந்து நின்றிருந்தார்கள்.

மறுநாள் அந்த இடத்தை ராக்கப்பனிடம் கேட்டாள். “சும்மா கெடக்குற எடந்தான. நட்டுக்க,” என்றார் அவர். வேலை விட்டு வந்து உண்ணிச்செடியை வேரோடு வெட்டி எறிந்தாள். இருநூறு மரவள்ளிக் குச்சி ஊன்றினாள். மலைக்குளிரில் கிழங்கு பிடிக்க நாளாகும். ஆடியில் தோண்டலாம் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

சரிவில் மலையாளியான பீல்டு ஆபீசர் குடை பிடித்து நின்றார். சுருளியம்மாள் தலைச்சாக்கை எடுத்துவிட்டு அவர் முன்னால் போனாள்.

“ஐயா, ரெண்டே மாசம் பொறுத்துக்கிடுங்க. ஆடியில கெழங்கு முத்திரும். தோண்டிட்டு நானே குழி வெட்டித் தாரேன்.”

“அதுவரெ மழை காத்து நிக்குமோ? நர்சரியில நாத்து வளர்ந்து நிக்குது. எஸ்டேட்டு மண்ணில கப்ப வைக்கான் ஆரு பறஞ்ஞு?”

மரவள்ளி நடச் சொன்னது யார் என்று கேட்டதும் அவள் ராக்கப்பனைப் பார்த்தாள். அவர் நோட்டைச் சாரல் படாமல் சட்டைக்குள் செருகிக்கொண்டிருந்தார்.

“பிள்ளைக இதை நம்பித்தான் ஐயா இருக்கு. அந்தா, அவருக்கும் கால்…”

“வெட்ட மனசில்லெங்கில் போய்க்கோ. வேறெ ஆளு உண்டு.” ஆபீசர் மேட்டுப் பக்கம் நடந்தார்.

பெண்கள் மம்பட்டியை ஊன்றியபடியே நின்றார்கள். செபமாலை மெல்லச் சொன்னாள்: “நீ சொல்லுக்கா. நாங்க கை வைக்கல. போயிர்றோம்.”

போனால் நாலு பேருக்கும் அன்றைக்குப் பேர் விழாது, கூலி கிடையாது. செபமாலை வீட்டில் நேற்று அடுப்பு எரியவில்லை என்பது சுருளியம்மாளுக்குத் தெரியும்.

“எனக்காக நீங்க எதுக்குடி பட்டினி கெடக்கணும்? வெட்டுங்க,” என்றாள். முதல் செடியை அவளே இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். கிழங்கு விரல் தண்டிதான் இருந்தது. ஒடிந்த இடத்தில் பால் கசிந்தது. இருநூறு செடியையும் பிடுங்கியபோது ஒன்றரைக் கூடைகூட நிறையவில்லை. மூக்கம்மாள் மண்ணை உதறி உதறிப் போட்டாள். தலையளவு உயர்ந்திருந்த தண்டுகளை ஓடைப் பக்கம் குவித்தார்கள்.

குழி வெட்டத் தொடங்கினார்கள். மம்பட்டி சத்தமில்லாமல் இறங்கியது. எட்டு மாதமாக அடுப்புச் சாம்பலும் ஆட்டுப்புழுக்கையும் கொட்டிக் கிளறிய மண். ஒரு நாளைக்கு ஆளுக்கு நாற்பது குழி கணக்கு; மேலே பாறைச் சரிவில் அது முடிய சாயந்தரச் சங்கு ஊதிவிடும். இங்கே ஒரு மணிக்கே முடிந்தது. நாலு பேரும் மம்பட்டிக் காம்பில் சாய்ந்து உட்கார்ந்தார்கள்.

ஆபீசர் திரும்பி வந்து அளவுகோலைக் குழிக்குள் விட்டுப் பார்த்தார். ஒரு பிடி மண்ணை எடுத்து விரலில் உதிர்த்தார்.

“நல்ல மண்ணு! வேலெ இப்பவே முடிஞ்ஞல்லோ. ராக்கப்பா, இன்னு தொட்டு ஆளுக்கு அறுபது.”

“இந்த எடம் மட்டுந்தான் ஐயா இப்படி. மேல பூராவும் பாறை,” என்றார் ராக்கப்பன்.

“எல்லா எடத்திலும் அறுபது.”

யாரும் சுருளியம்மாளைப் பார்க்கவில்லை. முத்துப்பேச்சி முதலில் எழுந்து மம்பட்டியைத் தூக்கினாள்.

கயிறு பிடித்து முளை அடிக்கிற அழகுமலை, மீதிக் குழிகளுக்கு இடம் குறிக்க நாலடிக்கு ஒன்றாக மூங்கில் முளையை இறக்கிக்கொண்டே கீழே வந்தான். கடைசி வரிசை சுருளியம்மாள் வீட்டுப் பின்வாசலைத் தொட்டது. அங்கே பெரியமுத்து துணி சுற்றிய காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அழகுமலை கயிற்றை இழுத்துப் பார்த்துவிட்டுத் தயங்கினான்.

“காலைக் கொஞ்சம் மடக்குங்க மாமா. முளை இங்கன வருது.”

பெரியமுத்து இரண்டு கையாலும் தொடையைத் தூக்கி, காலை நிலைப்படிக்குள் இழுத்துக்கொண்டார். கால் கிடந்த இடத்தில் அழகுமலை முளையை வைத்து அடித்தான்.

சுருளியம்மாள் மம்பட்டியோடு அந்த முளைக்கு வந்தாள்.